36 வயசு ஸ்டாப்பர்... எடுக்கலாமா, வேணாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. நைட் ஷிஃப்ட் முடிச்சவங்களை இறக்கிவிட்டுக்கிட்டே கம்பெனி பஸ்கள் ஒரகடம் ஜங்ஷனைத் தாண்டிப் போகுது. அதுல ஒரு பஸ்ஸிலிருந்து இறங்குற ஒருத்தர் மட்டும் ரூமுக்குப் போகாம நேரா எங்க கிரவுண்டுக்கு வருவார். தோள்ல டிபன் பாக்ஸ் பை. அதுக்குள்ளேயே சுருட்டி வெச்ச பூட்ஸ். யூனிஃபார்ம் சட்டையைக் கழட்டிக் கம்பத்துல மாட்டிட்டு, "பாஸ் பண்ணுடா தம்பி!"னு ஆரம்பிச்சிடுவார்.

அவருக்கு வயசு 36. எங்க டீம்ல பாதிப் பேர் ஹாஸ்டல் பசங்க, மீதிப் பேர் பக்கத்துக் கம்பெனிகள்ல டிரெய்னியா இருக்கிறவங்க. எல்லாருக்கும் வயசு 19-லேர்ந்து 23-க்குள்ளதான். வந்தது ஒரு ஓப்பன் டோர்னமென்ட். ஆளுக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் மேட்ச். லிஸ்ட்ல பத்து பேர்தான் கொடுக்கணும். ஒன்பது பெயர் எழுதியாச்சு. பத்தாவது இடத்துக்கு ரெண்டு பேர். ஒண்ணு, இந்த அண்ணன். இன்னொண்ணு, ரெண்டாம் வருஷம் ஈ.சி.ஈ. படிக்கிற ஜூனியர். ரெண்டு பேருமே ஸ்டாப்பர் பேக்.

டீக்கடையில ஒரு மணி நேரம் சண்டை. "அண்ணா வந்தா டிஃபென்ஸ் ஸ்ட்ராங்டா!"னு ஒரு கோஷ்டி. "ஜூனியர் மூணு மாசமா தினமும் பிராக்டீஸ் வர்றான், அவனை உட்கார வெச்சா நியாயமா?"னு இன்னொரு கோஷ்டி. டீ ஆறிப்போச்சு, முடிவு வரல.

சிரிக்காதீங்க பாஸ்! கோடிக்கணக்குல பணம் புரள்ற கிளப்புகளும் இதே கேள்வியைத்தான் வருஷா வருஷம் கேட்டுக்கிட்டு இருக்கு.

கடைசி ஆள் யாரு?

அமெரிக்கன் ஃபுட்பால்ல 'சேஃப்டி'ன்னே ஒரு பொசிஷன் இருக்கு. எல்லாருக்கும் பின்னாடி நிக்கிற தடுப்பாட்டக்காரர். முன்னாடி இருக்கிறவங்க யார் கோட்டை விட்டாலும் இவர்தான் கடைசிப் பூட்டு. நம்ம கால்பந்துல அந்த வேலையைச் செய்றது நடு டிஃபெண்டர், அதாவது ஸ்டாப்பர்.

ஃபார்வர்டு பத்து தடவை தப்புப் பண்ணிட்டு ஒரு கோல் போட்டா ஹீரோ. ஸ்டாப்பர் 89 நிமிஷம் ஒழுங்கா ஆடிட்டு ஒரே ஒரு தப்புப் பண்ணினா வில்லன். அதனாலதான் இந்த இடத்துக்கு மட்டும் எல்லாரும் அனுபவசாலியைத் தேடுறாங்க. வேகம் இருபதுகளின் கடைசியிலேயே குறைய ஆரம்பிச்சிடும். ஆனா, பந்து எங்கே வரப்போகுதுன்னு முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற புத்தி, ஆட ஆடத்தான் கூடும்.

எங்க வொர்க்‌ஷாப்ல இருக்கிற சீனியர் டெக்னீஷியன், லேத் ஓடுற சத்தத்தை வெச்சே "டூல் மழுங்கிடுச்சு, மாத்து"ன்னு சொல்வார். நாம மைக்ரோமீட்டரை எடுத்து அளந்து பார்த்தாதான் தெரியும். ஸ்டாப்பரும் அப்படித்தான். ஓடிப்போய்ப் பந்தைப் பிடுங்குறவரை விட, ஓடவே அவசியமில்லாத இடத்துல முன்னாடியே நிக்கிறவர்தான் கில்லாடி.

பெரியவங்க ஜெயிச்ச கதை

உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போக வேணாம். நம்ம சென்னையின் எஃப்.சி. கதையே போதும். 2014-ல் ஐ.எஸ்.எல். முதல் சீசன். 41 வயசு மார்கோ மாட்டராஸி கோச், அவரே பிளேயர். கூட 37 வயசு மிக்கேல் சில்வெஸ்ட்ர். சீசன் முடியப் போற நேரத்துல, முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்த அலெசாண்ட்ரோ நெஸ்டாவையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவருக்கு 38 வயசு. மாட்டராஸி, நெஸ்டா ரெண்டு பேருமே 2006-ல் உலகக் கோப்பை ஜெயிச்ச இத்தாலி டீம்ல இருந்தவங்க. அந்த வருஷம் லீக்ல சென்னைதான் முதலிடம்! ஆனா அரையிறுதியில கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில 3-0-ன்னு அடிச்சிட்டாங்க. சென்னையில நடந்த ரெண்டாவது ஆட்டத்துல மூணு கோலையும் திருப்பி அடிச்சும், எக்ஸ்ட்ரா டைம்ல ஒரு கோல் வாங்கி வெளியே போனோம்.

2017-18 சீசன்ல ஸ்பெயின் நாட்டுக்காரரான 35 வயசு இனிகோ கால்டெரான் வந்தார். ரைட் பேக். நடுவுல மாயில்சன் ஆல்வெஸ், ஹென்ரிக் செரெனோ. 2018 மார்ச் 17, பெங்களூருல ஃபைனல். பெங்களூரு எஃப்.சி-யை அவங்க ஊர்லேயே 3-2-ன்னு சாய்ச்சோம். ரெண்டு கோல் யார் போட்டது தெரியுமா? டிஃபெண்டர் மாயில்சன்! ரெண்டாவது முறையா கப் நம்ம கையில.

வெளியூர்க் கதையும் இருக்கு. 2020-ல் 35 வயசு தியாகோ சில்வாவை டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் இல்லாம செல்சி எடுத்தப்போ நிறையப் பேர் உதட்டைப் பிதுக்கினாங்க. அடுத்த வருஷமே சாம்பியன்ஸ் லீக் கப். அவர் 2024 வரைக்கும் அங்கே ஆடினார். போர்ச்சுகல் பெப்பே 41 வயசுல யூரோ 2024-ல் ஸ்டாப்பரா நின்னார்.

'கிரிக்கெட்டைச் சொல்லலியே'ன்னு கேக்குறீங்களா? 2018-ல் சி.எஸ்.கே-வை 'அப்பாக்கள் படை'ன்னு கிண்டல் பண்ணாங்களே... மே 27 ஃபைனல்ல 36 வயசு வாட்சன் 117 நாட் அவுட். கிண்டல் பண்ணவங்க கப்சிப்!

தோத்த கதையும் கேளுங்க

ஜெயிச்சதை மட்டும் சொல்லிட்டுப் போனா அது விளம்பரம். கட்டுரை இல்ல.

2016-ல் அதே சென்னையின் எஃப்.சி. பெரிய பெயரா எடுத்தது 36 வயசு ஜான் ஆர்னே ரீஸெ. லிவர்பூல்ல கலக்கின லெஃப்ட் பேக். அந்த சீசன்ல எட்டு டீம்ல நமக்கு ஏழாவது இடம். 2017-18-ல் கப் தூக்கின கால்டெரானும் மாயில்சனும் அடுத்த சீசனும் டீம்ல இருந்தாங்க. முடிவு? பத்து டீம்ல பத்தாவது! ஆள் அதே ஆள்தான், ஒரு வயசு கூடியிருக்கு அவ்வளவுதான். பெரியவரை எடுத்ததாலேயே ஜெயிச்சோம்னு சொன்னா, அவர் இருந்தும் ஏன் தோத்தோம்னும் சொல்லணும்ல?

கபடியில இதைவிடப் பெரிய பாடம். 2019-ல் தமிழ் தலைவாஸ் டீம்ல அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்ஜீத் சில்லர்னு எல்லாமே பெரிய தலைகள். பன்னிரண்டு டீம்ல கடைசி இடம். 2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடிக்கு மேல கொடுத்து எடுத்தாங்க, முதல் மேட்ச்லேயே முழங்கால் போச்சு. 'அவ்ளோதான், முடிஞ்சது'ன்னு நினைச்சோம். சாகர், சாஹில், நரேந்தர்னு சின்னப் பசங்க டீமை முதல்முறையா செமி ஃபைனல் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. பெரிய தலை கீழே விழுந்த பிறகுதான் அந்தப் பசங்க எவ்ளோ தாங்குவாங்கன்னே நமக்குத் தெரிஞ்சது!

கொடுத்தது 21, வாங்கினது 31

எங்க டீக்கடைச் சண்டைக்கு அச்சு அசலான கேஸ் ஒண்ணு இருக்கு. 2025 ஜனவரி. சென்னையின் எஃப்.சி., கேரளா பிளாஸ்டர்ஸ்கிட்டேர்ந்து 31 வயசு பிரீதம் கோட்டாலை எடுத்தாங்க. இந்தியாவுக்கு ஆடினவர். 2022-23-ல் மோகன் பகான் கேப்டனா ஐ.எஸ்.எல். கப் தூக்கினவர். ரைட் பேக், ஸ்டாப்பர் ரெண்டும் ஆடுவார். ஒப்பந்தம் இரண்டரை வருஷம். அதே ஜனவரியில சென்னையிலிருந்து கேரளாவுக்குப் போனது 21 வயசு மணிப்பூர்ப் பையன் பிகாஷ் யும்னம். அவரும் ஸ்டாப்பர்தான். அவங்க போட்ட ஒப்பந்தம் 2029 வரைக்கும்.

ஒரு பக்கம் பார்த்தா கணக்கு சரிதான். 2021-22-லேர்ந்து ஐ.எஸ்.எல்-ல் ஒரே நேரத்துல நாலு வெளிநாட்டுக்காரங்கதான் களத்துல நிக்கலாம். அந்த நாலு இடத்தை நிறைய கோச்சுங்க ஸ்ட்ரைக்கருக்கும் மிட்ஃபீல்டருக்கும்தான் கொடுக்க நினைப்பாங்க. அதனால அனுபவமுள்ள இந்திய டிஃபெண்டர்னா மார்க்கெட்ல கிராக்கி. டீம் தடுமாறிக்கிட்டு இருக்கும்போது கப் ஜெயிச்ச கேப்டன் ஒருத்தர் வந்தா யாருக்குத்தான் கசக்கும்?

இன்னொரு பக்கம்? அந்த சீசன் சென்னை 13 டீம்ல 11-வது. பழியை நடுவுல வந்த ஒருத்தர் தலையில கட்ட முடியாது. ஆனா இன்னிக்கு வாங்கின நிம்மதிக்கு நாளைய ஸ்டாப்பரைக் கொடுத்திருக்கோம். ஒப்பந்தம் முடியும்போது ஒருத்தருக்கு 33, இன்னொருத்தருக்கு 25. ஸ்டாப்பருக்கு 25-ங்கிறது அப்பதான் சூடு பிடிக்கிற வயசு. என்னைக் கேட்டா, கோட்டாலை எடுத்தது தப்பில்ல. அவர் பக்கத்துல நிக்க வேண்டிய பையனை அனுப்பினதுதான் உறுத்துது.

நம்ம ஏரியா கணக்கு

'வயசானவரை எடுக்கலாமா?'ங்கிற கேள்வி நம்ம ஏரியாவுல ஃபுட்பாலோட நிக்கிற விஷயம் இல்லைங்க. 2014 நவம்பர் 1-ம் தேதி ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி உற்பத்தியை நிறுத்திச்சு. அதுக்குள்ள ஆயிரக்கணக்கான பேர் வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வெளியே வந்திருந்தாங்க. அதுல நிறையப் பேர் இருபதுகள்ல இருந்தவங்க. அதே சீசன்லதான் 38 வயசு நெஸ்டாவைச் சென்னை கூப்பிட்டு வரவேற்றது. ஒரே வருஷம், நாப்பது கிலோமீட்டர் தூரம். 'அனுபவம்'ங்கிற ஒரே வார்த்தைக்கு அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை!

எங்க அண்ணன் இதே ரோட்டுல மூணு கம்பெனி மாறினவர். "எங்க போனாலும் டிரெய்னி வயசு கேக்குறாங்க தம்பி. கிரவுண்டுலதான் என் வயசுக்கு மரியாதை இருக்கு"ன்னு ஒரு நாள் சிரிச்சிக்கிட்டே சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு 'அண்ணனையே எடுத்துடலாம்'னு தோணிச்சு. ஆனா பரிதாபத்துக்காக ஒருத்தரை டீம்ல எடுத்தா அது அவருக்குத்தான் அவமானம்!

கேட்க வேண்டிய நாலு கேள்வி

பரிதாபத்தையும் ஓரம் கட்டி, பெரிய பெயரையும் ஓரம் கட்டி யோசிச்சா நாலு கேள்விதான் மிஞ்சுது.

1. எதுக்காக எடுக்குறோம்? இந்த வருஷக் கப்புக்கா, மூணு வருஷ டீமுக்கா? முதலாவதுன்னா பெரியவர் ஓகே. ரெண்டாவதுன்னா அவர் மட்டும் போதாது.

2. பக்கத்துல யார்? மெதுவா ஓடுற ரெண்டு பேரை ஜோடியா நிறுத்தினா, வேகமான ஒரு ஃபார்வர்டு போதும், கதை கந்தல். மூளைக்குப் பக்கத்துல ஒரு ஜோடிக் கால் வேணும்.

3. எத்தனை நாளைக்கு? ஒரு வருஷம், பார்த்துட்டு இன்னொரு வருஷம். பழைய பியரிங் ஓடுற வரைக்கும் ஜம்முனு ஓடும், ஆனா அடிக்கடி செக் பண்ணணும்.

4. யார் இடத்துல வர்றார்? இதுதான் ரொம்ப முக்கியம். வளர்ற பையனோட இடத்துல வந்தா நஷ்டம். உபயோகமில்லாம இருக்கிற இடத்துல வந்தா லாபம்.

சரி, நாங்க என்ன செஞ்சோம்?

நாலு கேள்வியையும் எழுதிக்கிட்டு நேரா அண்ணன்கிட்டயே போனோம். அவர் மழுப்பலே இல்ல. "ஓ.டி. போட்டாங்கன்னா வர முடியாது. வந்தாலும் ஒரு பாதிதான் முழு மூச்சா ஆடுவேன். என்னை எடுக்குறதுன்னா அந்த ஈ.சி.ஈ. பையன் பக்கத்துல இருக்கணும். அவனை வெட்டிட்டு என்னை எடுக்காதீங்க. நான் வரமாட்டேன்."

மறுபடியும் டீக்கடை. லிஸ்ட்ல இருக்கிறது ஒரே ஒரு இடம், வேணும்னா ரெண்டு பேரும் வேணும். நாலாவது கேள்வியைத் திரும்பப் படிச்சேன். ஏற்கெனவே எழுதியிருந்த ஒன்பது பெயரையும் பார்த்தேன். ரெண்டு வருஷமா சப்ஸ்டிட்யூட் ரைட் விங்கரா பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு, மொத்தமா ஒரு கோல் போட்டிருந்த ஒரு பெயர் இருந்துச்சு.

என் பெயர்!

நானே அடிச்சேன். உண்மையைச் சொன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. புது ஜெர்சிக்கு வேற காசு கட்டியிருந்தேன். நம்பர் 17.

டோர்னமென்ட்ல நாங்க கப் எல்லாம் அடிக்கல. காலிறுதியில பெனால்டி ஷூட் அவுட்ல தோத்தோம். முதல் பாதி அண்ணன் நின்னார், ஒரு கோல்கூட விழல. ரெண்டாவது பாதி ஆரம்பத்துலேயே தொடை பிடிச்சுக்கிச்சு, வெளியே வந்துட்டார். ஆனா உட்காரவே இல்ல. லைன் ஓரமா நொண்டிக்கிட்டே, "லெஃப்ட்ல ஆள் வர்றான்... பந்தைப் பார்க்காத, ஆளைப் பாரு... இப்போ ஏறு!"ன்னு ஜூனியருக்குக் கத்திக்கிட்டே இருந்தார். கடைசிப் பத்து நிமிஷம் அவர் கத்தவே வேண்டியிருக்கல. பையன் தானாவே சரியான இடத்துல நின்னான்.

ஆக, என் ஓட்டு இதுதான்: பெரியவரை எடுங்க. ஒரு வருஷத்துக்கு எடுங்க. ஆனா அவர் கூட ஒரு சின்னப் பையனையும் நிறுத்துங்க. அந்தப் பையனை அனுப்பிட்டுத்தான் எடுக்க முடியும்னா, வேணாம்.

உங்க காலேஜ் டீம்லயும், கல்ச்சுரல்ஸ் கமிட்டியிலயும் இதே சண்டை ஓடிக்கிட்டு இருக்கும். சீனியரா, ஜூனியரான்னு கட்சி கட்டுறதுக்கு முன்னாடி லிஸ்ட்டை இன்னொரு தடவை முழுசாப் பாருங்க பாஸ். அடிக்க வேண்டிய பெயர் வேற எங்கேயாவது இருக்கலாம்.

ஹி... ஹி... அது உங்க பெயரா இல்லாம இருக்க வாழ்த்துகள்! அப்புறம்... நம்பர் 17 ஜெர்சி, மீடியம் சைஸ், யாருக்காவது வேணுமா?