கேட்பாரற்ற ஊர்திகளும் மாநகராட்சியும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை அடுத்த பழவங்காடியில், கணபதி கோயில் முன் தேங்காய் உடைபடும் ஒலி விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒருபுறம் பேருந்துகள், மறுபுறம் சாலைக் கடைத்தெரு என்னும் பழைய சந்தைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள். இத்தகைய இடத்தில் பழுதுற்ற கார் ஒன்று மாதக்கணக்கில் அசையாமல் நிற்குமாயின், நடந்து செல்வோர் அனைவரும் அதைச் சுற்றி நடுவீதியில் இறங்கியே ஆகவேண்டும். மழை பெய்தால் அதன் உடைந்த பாகங்களிலும் டயர்களிலும் நீர் தேங்குகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பெருக அந்த நீர் போதும்.

அதை அகற்றுவது யார்? மக்கள் முதலில் முறையிடுவது மாநகராட்சியிடமே. வீதியும் வடிகாலும் அதன் பொறுப்பில் உள்ளவை. ஆனால் ஊர்தி குப்பையன்று; அது ஒருவரின் உடைமை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்ட ஊர்தியை இழுத்துச் செல்ல உத்தரவிடும் அதிகாரம் சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரிக்கு உரியது. செலவு உரிமையாளரைச் சாரும். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கைவிடப்பட்ட ஊர்தியை அகற்றுவதை உள்ளாட்சி மன்றத்தின் கடமையாகவே ஆக்கியுள்ளது. நம் நாட்டில் மாநகராட்சி, போலீஸ், மோட்டார் வாகனத் துறை ஆகிய மூன்றும் ஒன்றுகூடினாலன்றி ஒரு காரும் நகராது.

உரிமையாளரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எண் பலகை இல்லையெனில் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் தேடவேண்டும். திருடப்பட்டதா, குற்ற வழக்கில் தொடர்புடையதா என்றும் பார்க்கவேண்டும். பதிவேட்டில் உள்ளவர் அதை என்றோ விற்றிருப்பார். ஒரே மாநிலத்தில் பதிவான ஊர்தியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். கைமாறிக் கைமாறிச் செல்லும் பழைய வண்டிகளில் இதைப் பொருட்படுத்துவோர் சிலரே. ஆகவே மாநகராட்சியின் கடிதம், தமக்குச் சம்பந்தமில்லை என்று கூறும் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

அகற்றிய பின்னரும் பணி முடிவதில்லை. வீதியில் துருப்பிடித்தது காவல்நிலைய வளாகத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். கைப்பற்றப்பட்ட ஊர்திகளை நீண்டகாலம் காவல்நிலையங்களில் வைத்திருப்பதால் பயனில்லை என்று உச்சநீதிமன்றம் 2002இல் குஜராத் வழக்கு ஒன்றில் எடுத்துரைத்தது. உரியவர் தெரியாத உடைமைக்கு நீதிமன்றம் 6 மாத அவகாசம் தந்து அறிவிப்பு வெளியிடலாம். அவ்வாறு வெளியிட்டால் அத்தனை காலமும் வண்டியை வைக்க இடம் வேண்டும். நெருக்கடி மிக்க நகரில் கிடைத்தற்கரியது அந்த இடமே. எண்ணெயும் பாட்டரி அமிலமும் மண்ணில் கசியாத தளமும், வந்த நாளைக் குறிக்கும் பதிவேடும் இல்லாத கிடங்கு மற்றுமொரு குப்பைமேடாகவே முடியும்.

உரிமையாளரே முன்வந்தால் இத்தனையும் வேண்டியதில்லை. 2021இல் வெளியான மத்திய விதிகளின்படி, பதிவுபெற்ற ஊர்தி உடைப்பு மையத்தில் பழைய வண்டியை ஒப்படைப்பவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புதிய சொந்தக் கார் வாங்கினால் வரியில் 25 சதவீதம் வரை சலுகை பெறவும் வழியுண்டு. கண்ணாடியில் ஒட்டும் எச்சரிக்கைத் தாளில் இச்செய்தியையும் இரண்டு வரி சேர்த்து அச்சிட மாநகராட்சிக்குப் பெருஞ்செலவு ஆகாது.