ஈபோர் சிட்டி சுருட்டுக் கடைகளும் உறையூர்த் தாத்தாவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் புகைக்கிற பழக்கம் கிடையாது. ஒரே ஒரு தடவை காலேஜ் ஹாஸ்டலில் சிகரெட்டை இழுத்துவிட்டு அரை மணி நேரம் இருமினேன், அதோடு சரி. ஆனாலும் கடந்த மூன்று வருஷத்தில் புளோரிடாவின் கடற்கரை ஊர்களில் பதினோரு சுருட்டுக் கடைகளுக்குப் போய் வந்திருக்கிறேன். "புகைக்காதவன் அங்க போய் என்னய்யா பண்ணுவ?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். இலையை மோந்து பார்ப்பேன், சுருட்டுகிறவர் கையைப் பார்ப்பேன், கேள்வி கேட்பேன். இவ்வளவுதான்.

காரணம் என் தாத்தா. உறையூரில் சுருட்டு சுற்றியவர். பலகை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டாராம். நான் பார்த்தது அவருடைய கடைசிக் காலத்தை மட்டும்தான். வாய்ப்புற்றுநோய். எட்டு மாசம் கஞ்சித் தண்ணி மட்டும். 1989-இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அப்பாயி வீட்டுக்குள் ஒரு புகையிலைக் காம்பைக்கூட விடவில்லை. தாத்தாவின் பலகையும் வளைந்த கத்தியும் பரணுக்குப் போயின. அதனால் இந்தப் பதிவை "எந்தக் கடையில் எந்தச் சுருட்டு நல்லா இருக்கும்" என்று தேடி வந்தவர்கள் ஏமாறுவீர்கள். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். உள்ளே இழுக்காமல் வாயிலேயே வைத்து ஊதினாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றுக்கும் புற்றுநோய் அபாயம் உண்டு. இதை ஒருமுறை சொல்லிவிட்டேன், திரும்பத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

அடுத்து, வாட்ஸப்பில் சுற்றும் ஒரு தகவலைச் சரி செய்துவிடலாம். "சிகார் என்ற ஆங்கிலச் சொல்லே தமிழ்ச் சுருட்டிலிருந்து வந்தது" என்று ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் வருகிறது. பாதிதான் உண்மை. சிகார் என்பது ஸ்பானிய 'சிகார்ரோ'விலிருந்து வந்தது. அதற்கும் மூலம் மாயா மொழியில் புகைப்பதைக் குறித்த சொல்லாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. ஆங்கிலத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, 'செரூட்'. அதுதான் நம்முடைய சுருட்டு. போர்த்துகீசியர்கள் அதை 'சருட்டோ' என்று எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் பிரேசிலில் சுருட்டுக்கு அதுதான் பெயர். அங்கே முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைக்கும் பண்டத்தையும் அதே சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். சுருட்டினால் சுருட்டு! தமிழ் வினைச்சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியாமலேயே அந்தச் சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இந்தப் பாதி உண்மை முழுப் பொய்யைவிட ரொம்பப் பிடித்திருக்கிறது.

பொருளிலும் வித்தியாசம் உண்டு. செரூட் இரண்டு முனையும் திறந்தது, வெட்டாமல் அப்படியே பற்றவைக்கலாம். கியூபா வகைச் சுருட்டின் தலையில் ஒரு சின்ன இலைத்துண்டைத் தொப்பி மாதிரி ஒட்டியிருப்பார்கள், அதை வெட்டித்தான் பிடிக்க முடியும். ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில் (1887) கொலை நடந்த வீட்டில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார். அதைப் படித்த அன்று நான் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

சரி, புளோரிடாவுக்கு வருவோம். சுருட்டு ஊர்கள் ஏன் கடற்கரையில் முளைத்தன? இலை கியூபாவில் விளைகிறது. அமெரிக்காவில் முழுச் சுருட்டாக இறக்கினால் வரி அதிகம், வெறும் இலையாக இறக்கினால் குறைவு. அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? இலையைக் கப்பலில் ஏற்றி, அமெரிக்க மண்ணில் முதலில் வரும் துறைமுகத்தில் இறக்கி, அங்கேயே சுருட்ட வேண்டும். ஹவானாவிலிருந்து கீ வெஸ்ட் தீவு சுமார் 170 கிலோமீட்டர்தான். கூடவே இன்னொன்று, காய்ந்த காற்றில் புகையிலை அப்பளம் மாதிரி நொறுங்கும், ஈரக் காற்றில் துணி மாதிரி வளையும். ஆகஸ்ட் மாசம் நம்மைப் பிழிந்து எடுக்கிற அந்தப் புழுக்கம் இலைக்கு அமிர்தம்.

விசென்டே மார்ட்டினெஸ் ஈபோர் ஸ்பெயினில் 1818-இல் பிறந்து, சிறுவயதில் கியூபாவுக்கு வந்து, ஹவானாவில் பெரிய சுருட்டு முதலாளி ஆனவர். 1868-இல் ஸ்பெயினுக்கு எதிராகப் புரட்சி வெடித்தபோது புரட்சிக்காரர்கள் பக்கம் சாய்ந்தார் என்று ஆபத்து வர, 1869-இல் கீ வெஸ்ட்டுக்குத் தப்பினார். அங்கே தொழிலாளர்கள் அடிக்கடி வேலைநிறுத்தம் செய்தார்கள். புரட்சிக்கு ஆதரவு தந்த அதே முதலாளிக்கு வேலைநிறுத்தம் மட்டும் பிடிக்கவில்லை பாருங்கள்! 1885-இல் டாம்பா பக்கத்தில் 40 ஏக்கர் வாங்கி, அடுத்த வருஷமே தொழிற்சாலையை ஓட்ட ஆரம்பித்தார். அதுதான் ஈபோர் சிட்டி. 1880 சென்சஸில் டாம்பாவின் மக்கள் தொகை 720. 1900-இல் 15,839. ஹவானாவிலிருந்து இலை கொண்டுவந்த 'மாஸ்காட்' கப்பலின் படம் இன்றும் டாம்பா நகரச் சின்னத்தில் இருக்கிறது.

பழைய தொழிற்சாலைக் கட்டிடங்களை ஒரு எஞ்சினியர் கண்ணோடு பார்க்க வேண்டும். மூன்று மாடி செங்கல் கட்டிடம், அகலம் குறைவு, நீளம் அதிகம், நீளவாட்டம் கிழக்கு மேற்காக. அப்போதுதான் வடக்கு ஜன்னல்கள் வழியாக நாள் முழுக்கக் கண் கூசாத வெளிச்சம் வரும். இலையின் நிறத்தைப் பிரிக்க அந்த வெளிச்சம் தேவை. 1910-இல் கட்டிய ஒரு தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. மேலே மணிக்கூண்டு இருப்பதால் ஊர்க்காரர்கள் 'எல் ரெலோ', அதாவது கடிகாரம், என்கிறார்கள். நியூமன் குடும்பம் 1950களில் அதை வாங்கியது. உள்ளே பார்வையாளர்களை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். 1930களின் இயந்திரங்கள் தடக் தடக் என்று இன்னும் வேலை செய்கின்றன. டாம்பா போனால் புகைக்காதவர்களும் தவறவிடக் கூடாத இடம்.

ஆனால் என்னை உலுக்கியது இயந்திரம் இல்லை, ஒரு நாற்காலி. சுருட்டுகிற கூடத்தின் நடுவில் ஒரு மேடை, அதன் மேல் நாற்காலி. அதில் உட்கார்ந்து ஒருவர் தொழிலாளர்களுக்கு உரக்கப் படிப்பார். அவர் பெயர் 'லெக்டோர்', வாசிப்பாளர். ஹவானாவில் 1865-இல் ஆரம்பித்த வழக்கம் இது. காலையில் செய்தித்தாள், பிற்பாடு நாவல். செர்வாந்தெஸ், டூமா, ஹ்யூகோ, ஜோலா. அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை. தொழிலாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டார்கள், எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். எழுத்தறியாதவர்கூட டான் கிஹோத்தேயில் வரும் பத்தியைச் சொல்லி வாதாடும் இடம் அது. கியூப விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி 1891 நவம்பரில் முதல் தடவையாக டாம்பா வந்து பேசியபோது எதிரில் இருந்த கூட்டம் இப்படித் தயாரான கூட்டம். அவர் தங்கிய பெத்ரோசோ தம்பதியின் வீடு இருந்த இடம் இன்று ஒரு குட்டிப் பூங்கா. அமெரிக்க ஊருக்கு நடுவில், கியூப அரசின் பெயரில் இருக்கிற நிலம்!

1931-இல் முதலாளிகள் வாசிப்பாளர்களை நிறுத்தினார்கள். தீவிரக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்று குற்றச்சாட்டு. தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்தும் பலன் இல்லை. அந்த இடத்துக்கு ரேடியோ வந்தது.

நம் பக்கத்தில் இது இருந்ததா என்று தேடினேன். கேரளத்தில் இருந்திருக்கிறது. கண்ணூர் பீடித் தொழிலாளர்கள், 1969-இல் அவர்கள் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவு உள்பட, ஒருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். கண்ணூரும் கடற்கரை ஊர்தான். உறையூரில் உண்டா என்று அம்மாவிடம் கேட்டேன். "உங்க தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுப்பா. ஆனா தினத்தந்தியில வந்த கேஸு எல்லாம் அத்துபடி. யாரு படிச்சுக் காட்டுனாங்களோ" என்றார். இதற்கு மேல் அங்கே கேட்க ஆள் இல்லை.

இப்போது கடைகள். ஈபோர் சிட்டியின் ஏழாவது அவென்யூவில் நடந்தால் சேவல்கள் குறுக்கே ஓடும். அந்தக் காலத்துத் தொழிலாளர் வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்தவற்றின் வாரிசுகள் என்கிறார்கள். தெருவில் கடைக்குக் கடை ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்து சுருட்டிக்கொண்டிருப்பார். சில கடைகளில் அது உண்மையான வேலை, சில கடைகளில் வெறும் காட்சிப்பொருள். எப்படிக் கண்டுபிடிப்பது? கையைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கிற அச்சுப் பலகையைப் பாருங்கள். உள்ளே வைக்கிற இலையை, கட்டிப் பிடிக்கிற இலையால் சுற்றி, பள்ளம் பள்ளமாக இருக்கும் அச்சில் அடுக்கி அழுத்தி வைப்பார்கள். அதன் பிறகுதான் மேலிலை. அச்சு நிறையச் சுருட்டு இருந்தால் வேலை நடக்கிறது. மதியம் மூணு மணிக்கும் அச்சு காலியாக இருந்தால் அவர் சுற்றுலாப் பயணிகளுக்காக உட்கார்ந்திருக்கிறார்.

என்னுடைய இரண்டாவது சோதனை ஒரே கேள்வி: "இலை எங்கிருந்து?" நல்ல கடைக்காரர் யோசிக்காமல் சொல்வார். உள்ளே நிகராகுவாவும் டொமினிக்கன் குடியரசும், மேலே ஈக்வடார் அல்லது கனெக்டிகட் என்கிற மாதிரி. "எல்லாம் கியூபா இலை சார்" என்று கண்ணடித்தால் வெளியே வந்துவிடுங்கள். 1962-இல் கென்னடி போட்ட தடைக்குப் பிறகு அமெரிக்கக் கடையில் கியூபச் சுருட்டு விற்க முடியாது. 2016-இல் பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரத் தளர்வு வந்தது, 2020-இல் அதுவும் போனது. கீ வெஸ்ட்டில் ஒரு கடை, பெயரை எழுதவில்லை, வாசலில் 'கியூபன்' என்று ஆளுயர எழுத்து, கீழே கட்டைவிரல் அளவில் 'விதை' என்று போட்டிருந்தது. கியூபாவிலிருந்து வந்த விதையின் வம்சத்தில், வேறு நாட்டில் விளைந்த இலை என்று அர்த்தம். சட்டப்படி குற்றமில்லை. எனக்குத்தான் நம்மூர் 'ஒரிஜினல்' அல்வாக் கடைகள் ஞாபகம் வந்தன.

மூன்றாவது, சுருட்டு வைக்கும் அறை. ஈரப்பதம் 65லிருந்து 70 சதவீதம் இருக்க வேண்டும். மீட்டர் தொங்குகிறதா, யாராவது அதைப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். அலமாரிப் பலகையை 'ஸ்பானிஷ் சிடார்' என்பார்கள். அது ஸ்பெயினும் இல்லை, சிடாரும் இல்லை. அமெரிக்க வெப்ப நாடுகளின் மரம், நம் வேம்பின் குடும்பம். நாம் நெல்லில் வேப்பிலை போடுவது மாதிரி, அந்த மரத்தின் வாசனைக்குப் பூச்சி அண்டாது என்கிறார்கள்.

கீ வெஸ்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. 1886 ஏப்ரல் தீ விபத்தில் ஈபோரின் அங்கிருந்த தொழிற்சாலையும் எரிந்தது, தொழில் டாம்பாவுக்கு நகர்ந்தது. இன்றைய கடைகள் பெரும்பாலும் கப்பல் பயணிகளுக்கானவை. கடல் மட்டும் நன்றாக இருந்தது.

எனக்குப் பிடித்த கடை ஈபோர் சிட்டியின் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய கியூபக்காரர் ஒருவர் சுருட்டுகிறார். ஆங்கிலம் கொஞ்சம்தான், பேத்திதான் மொழிபெயர்ப்பு. அவர் கையில் கைப்பிடியே இல்லாத பிறைவடிவக் கத்தி, 'சாவேட்டா'. இலையின் நடுநரம்பை எடுத்து, மேலிலையை ஒரே வளைவாக வெட்டி, சாய்வாகச் சுற்றி, தொப்பியை ஒரு சொட்டுப் பசையில் ஒட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் தாத்தாவும் இதே வேலைதான், எங்கள் மொழியில் இதற்குச் சுருட்டு என்று பெயர் என்றேன். "சுருட்டோ" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு தாத்தா என்ன ஆனார் என்று கேட்டார். சொன்னேன். பேத்தி அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினாள். கேட்டுவிட்டு அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "என் அண்ணனும்" என்றார். இதற்கு மட்டும் பேத்தி தேவைப்படவில்லை. பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு இலையைக் கொடுத்தார்.

நான் சுற்றியது நடுவில் வீங்கி, மழையில் நனைந்த வாழைப்பூ மாதிரி இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பிரித்து, திரும்பச் சுற்றச் சொன்னார். மூன்று தடவை. காசு வாங்கவில்லை, அந்தக் கோணல் சுருட்டை விற்கவும் முடியாது. அதை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தேன். வீட்டம்மாவின் உத்தரவுப்படி அது கார் ஷெட்டில் இருக்கிறது.

அன்றிரவு அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினேன். "இதைக் கத்துக்கவா அமெரிக்கா போன?" என்று திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா இன்னும் ஒல்லியாச் சுத்துவாரு" என்றார்.

தாத்தாவின் கத்தியும் பிறைவடிவம்தானா, கைப்பிடி இருந்ததா என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. தம்பியைப் பரணில் ஏறி, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறான்.