ஆறாத எஞ்சின்

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் படியேறிச் செல்கிறார். காரின் அடியிலிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஓசை எழுகிறது. உள்ளே மின்விசிறி ஒன்று தானாகவே சுழல்கிறது. இவற்றைப் பழுது என்று எண்ண வேண்டா. சூட்டினால் நீண்டிருந்த புகைக்குழாய்கள் ஆறிச் சுருங்கும் ஓசைதான் அது. மின்விசிறிக்கு வேறொரு வேலை இருக்கிறது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பம். எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியஸையும் கடக்கும். எஞ்சின் செய்யப் பயன்படும் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அது உருகாமல் காப்பது, எஞ்சினின் உட்சுவர்களுக்கிடையே ஓடும் குளிர்விப்பு நீரே. அந்நீர் பெரும்பாலும் 90 பாகை அளவில் வைக்கப்படுகிறது. எல்லாக் கார்களும் நீரை நம்பியிருந்தன என்று கூற இயலாது. ஜெர்மனியின் புகழ்பெற்ற போர்ஷே 911 கார், 1963ஆம் ஆண்டில் அறிமுகமானது முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காற்றினாலேயே குளிர்விக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டில் வந்த புதிய வடிவமே நீருக்கு மாறியது.

எஞ்சினை நிறுத்தியவுடன் சூடு குறையத் தொடங்கும் என்றுதான் நாம் நினைப்போம். முதற்சில நிமிடங்களில் நடப்பது அதற்கு நேர்மாறு. நீரைச் சுழலச் செய்த பம்பு நின்றுவிடுகிறது. ஓடும்போது வீசிய எதிர்காற்றும் இல்லை. கொதிக்கும் உலோகம் தன் வெப்பத்தைத் தேங்கி நிற்கும் நீரில் இறக்குவதால் நீரின் சூடு இன்னும் ஏறுகிறது. அதனைத் தணிக்கவே அந்த மின்விசிறி சுழல்கிறது. டர்போசார்ஜர் உள்ள கார்களில் இச்சிக்கல் பெரிது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும் அக்கருவியில் எண்ணெய் அசையாமல் நின்றால், அது கருகிக் கரியாகப் படியும். ஆகவே, எஞ்சின் நின்ற பின்னரும் நீரைச் சுழற்றும் மின்பம்பு பல கார்களில் உண்டு. பந்தயத் தடத்தில் ஓட்டுவோர் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுவதும் இதற்காகவே.

அதன் பிறகு எவ்வளவு நேரத்தில் ஆறும்? பொருளுக்கும் சுற்றுப்புறத்திற்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு மிகுந்திருந்தால் வேகமாகவும், குறைந்தால் மெதுவாகவும் ஆறும் என்பதை நியூட்டன் 1701ஆம் ஆண்டில் எழுதினார். எஞ்சின் 90 பாகையிலும் வெளிக்காற்று 30 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 60. அது மணிக்கொரு முறை பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் மணி முடிவில் எஞ்சின் 60 பாகையில் இருக்கும்; அடுத்து 45; அதற்கடுத்து 37.5. நான்கு மணி நேரம் கழிந்தும் காற்றைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும்! அதனால்தான், குளிர்ந்த எஞ்சினின் புகையைச் சோதிக்கும் ஐரோப்பிய விதிகள் காரைக் குறைந்தது 6 மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்கின்றன. அமெரிக்க விதிகள் கேட்பது 12 மணி நேரம்.

சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. மூடிய அமைப்பில் அழுத்தம் மிகுதி. ஆகையால் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் குறைந்து, அந்நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பீறிடும். ஆவி அடங்காத குக்கரை உங்கள் வீட்டில் எவரேனும் திறப்பார்களா? அதே செய்திதான் இதுவும். முன்னே புதுக்கார் நின்றால் தொட்டுப் பார்க்கக் கை துடிக்கும். ஆனால் பின்புறப் புகைக்குழாயின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். காய்ந்த புல்லின்மேல் காரை நிறுத்துவதும் தீங்கு. அடியிலுள்ள சூடான குழாய் பட்டுப் புல் தீப்பற்றக்கூடும்.

அச்சூட்டை நாடி வருவோரும் உண்டு. தில்லியின் சனவரி இரவில் வெளியே 8 பாகைக் குளிர் நிலவும்போது, நிறுத்திய காரின் எஞ்சினருகே சூடு பல மணி நேரம் தங்கியிருக்கும். தெருப்பூனை அதனுள் புகுந்து உறங்கிவிடும். காலையில் காரை இயக்குமுன் பானெட்டை இருமுறை தட்டினால், அது விழித்தெழுந்து ஓடிவிடும்.