பிரஷ் கட்டரில் ரோட்டரி மாட்டப் போகிறீர்களா?

''மூன்று வருடங்களாக பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். கத்திரி, வெண்டைப் பாத்திகளில் களை எடுக்க அதிலேயே ரோட்டரி மாட்டலாம் என்கிறார்கள். மாட்டினால் தாங்குமா? எப்படிப் பராமரிப்பது?''
- வாசகர், பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

தாங்கும். ஆனால், அது களை எடுக்கும் கருவி, உழவுக் கருவி அல்ல. இதை மறந்தவர்கள்தான் என்னிடம் கருகிப்போன கியர் பெட்டியோடு வருகிறார்கள். பாகூர் பக்கம் களிமண். சம்பா அறுத்த வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது இதை இறக்கினால், ஒரே வாரத்தில் கதை முடிந்துவிடும். அந்த வேலைக்கு பவர் டில்லர் இருக்கிறது. பாசனம் கொடுத்து இரண்டு, மூன்று நாள் கழித்து, மண்ணைக் கையில் பிடித்து உடைத்தால் பொலபொலவென உதிரும் பதத்தில், இரண்டு அங்குல ஆழத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். சேதராப்பட்டு பக்கத்துச் செம்மண்ணில் வேலை சுலபம். கல்லை மட்டும் முன்பே பொறுக்கிவிடுங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் பிரஷ் கட்டரையே கடைக்கு எடுத்துப் போங்கள். குழாயின் வெளிவிட்டம் சிலவற்றில் 26 மி.மீ., சிலவற்றில் 28 மி.மீ. உள்ளே சுழலும் ஷாஃப்ட் முனையில் 7 பல்லும் உண்டு, 9 பல்லும் உண்டு. இரண்டும் பொருந்த வேண்டும். 'கொஞ்சம் லூஸ்தான், தகடு வைத்து இறுக்கிக்கலாம்' என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டு ஏமாந்திருக்கிறேன். இரண்டே நாளில் பல் மழுங்கிவிட்டது.

மாட்டும்போது முதல் வேலை, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றுவது. பிறகு, பழைய தலையில் உள்ள இறுக்கும் போல்ட்டுகளோடு, குழாயின் துளைக்குள் இறங்கியிருக்கும் சின்ன ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். அதைக் கவனிக்காமல் சுத்தியலால் தட்டித்தான் பலர் குழாயை நெளித்துவிடுகிறார்கள். ரோட்டரியைச் செருகும்போது ஒரு விரல் அகலம் மிச்சம் நின்றால், பல்லோடு பல் சேரவில்லை என்று பொருள். கத்தியைக் கையுறை போட்டுக்கொண்டு மெதுவாகத் திருப்பினால் தானே உள்ளே போகும். சின்ன ஸ்க்ரூவை முதலில் போட்டுவிட்டு, பிறகு போல்ட்டை முடுக்குங்கள். கத்திகளில் வலது, இடது உண்டு. கியர் பெட்டியில் உள்ள அம்புக்குறிப்படி சுற்றும்போது கூரான பக்கம் முதலில் மண்ணில் இறங்க வேண்டும். மாறிப் போட்டால் மண்ணை வெட்டாது, எகிறிக் குதிக்கும்.

எகிறினால் உங்கள் கால்தான் முன்னால் இருக்கிறது. செருப்போடு ஓட்டுவதை நம் ஊரில் தினமும் பார்க்கிறேன். பூட்ஸ் இல்லாமல் தொடாதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் கத்தி சுற்றினால், ஐடில் வேகம் கூடியிருக்கிறது அல்லது கிளட்ச் ஸ்பிரிங் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் வயலில் இறங்கக் கூடாது.

பராமரிப்பில் பலரும் கோட்டைவிடுவது கத்தி அச்சில்தான். தக்காளிக்குக் கட்டிய நைலான் கயிறு, அருகம்புல் வேர் எல்லாம் அச்சில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். கிரீஸ் கசியும், மண் உள்ளே போகும், பற்கள் தேயும். அதனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பின்னைக் கழற்றி, கத்தியை உருவி, சுத்தம் செய்து மாட்டுங்கள். கியர் பெட்டிக்கு கையேட்டில் சொன்ன கிரீஸை, சொன்ன இடைவெளியில் போடுங்கள். ஓடும்போது அது சூடாவது இயல்பு. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். கத்தி போல்ட் அறுந்தால், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டையே கேட்டு வாங்குங்கள்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் வெறும் பெட்ரோல் ஊற்றவே கூடாது. கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மி.லி. ஆயில், 50:1 என்றால் 20 மி.லி. மண் வேலையில் தூசி அதிகம் என்பதால் ஏர் ஃபில்டரையும் தினமும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மாதம் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள்.

ஒரு ஏக்கருக்கு மேல் காய்கறி வைப்பவராக இருந்தால், தானே நகரும் பவர் வீடரை யோசிக்கலாம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவிகிதம் வரை மானியம் உண்டு. இந்த ஆண்டு நிதி இருக்கிறதா என்பதை உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள். முதலில் வாங்கிவிட்டு, பில்லோடு வருபவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.