இருபதில் எட்டு

கோல்ப் என்றவுடன் நம் மனத்தில் ஒரு படம் எழும். தொப்பி போட்ட பெரிய மனிதர் ஒருவர், பின்னாலேயே பையைச் சுமந்து வரும் பையன், கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. "அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்டால் நியாயந்தான். ஆனால் வாலாஜாபேட்டைப் பக்கத்துச் சகோதரிகள் அப்படிக் கேட்டுவிட முடியாது. கோல்ப் ஆடுகிறவர்கள் ஒரு கைக்கு மட்டும் மெல்லிய உறை போட்டுக்கொள்வார்கள். உயர்ந்த ரக உறை செம்மறியாட்டுத் தோலில் செய்தது. தோலின் தரத்தைப் பற்றி ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கு யார் பாடம் சொல்ல முடியும்?

ஊர் வழியே போகும் நெடுஞ்சாலையும் ஒரு சம்பந்தந்தான். கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் போனால் சென்னை. அங்கே நந்தனத்தில் காஸ்மாபாலிடன் கிளப்பின் கோல்ப் மைதானம் இருக்கிறது. மேற்கே போனால் பெங்களூர். அங்கே 1876-லேயே கோல்ப் கிளப் ஏற்பட்டுவிட்டது. ஐந்து வயதில் அந்த ஊரில் மட்டையைப் பிடித்த அதிதி அசோக்தான் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கம் தவறியது!

அதிதியைப் போல் ஆட எல்லோராலும் ஆகுமா? ஆகாது. ஆகாதவர்களுக்காகவே கோல்ப் ஆட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. வேறெந்த ஆட்டத்திலும் இத்தனை நுணுக்கமாக அதைச் செய்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதன் பெயர் ஹாண்டிகாப்.

கோல்ப் ஆட்டத்தில் 18 குழிகள். எத்தனை குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுகிறோமோ அத்தனை கெட்டிக்காரத்தனம். தேர்ந்தவர் ஒருவர் 72 அடிகளில் முடிக்கிற மைதானத்தில் புதிதாகக் கற்றுக்கொண்ட பெண்மணிக்கு 104 ஆகிறது. இருவரும் சேர்ந்து ஆடினால் பந்தயம் எங்கே? ஆகவே கற்றுக்குட்டியின் மொத்தத்திலிருந்து இத்தனை அடிகளைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. அவருக்கு ஹாண்டிகாப் 32, சிநேகிதிக்கு 10. இவர் 104 அடித்தார், நிகரம் 72. சிநேகிதி 84 அடித்தார், நிகரம் 74. ஜயம் யாருக்கு? கற்றுக்குட்டிக்கு!

இந்தக் கணக்கை நாடு முழுவதற்கும் ஒரே சீராக முதலில் ஒழுங்குபடுத்தியவர்கள் பெண்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1893-ல் பிரிட்டனில் மாதர் கோல்ப் சங்கம் தோன்றியது. அதன் காரியதரிசி இஸெட் பியர்ஸன் என்ற பெண்மணி. முதல் இரண்டு வருஷச் சாம்பியன் பந்தயங்களிலும் இறுதி ஆட்டம் வரை வந்து, இரண்டு தடவையும் மார்கரெட் ஸ்காட் சீமாட்டியிடம் தோற்றவர். தோற்றால் என்ன? ஒவ்வொரு கிளப்பும் தன் இஷ்டத்துக்குச் சலுகை கொடுத்துவந்த குழப்பத்தை உட்கார்ந்து சீர்செய்தார். ஆண்கள் தங்களுக்குள் ஒரே முறைக்கு வந்து சேர்ந்தது வெகு காலம் கழித்துத்தான். வீட்டுக் கணக்கு யார் கையில் இருந்தால் உருப்படும் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

பிற்பாடு உலகத்தில் ஆறு விதமான முறைகள் வழங்கின. 2020-ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி உலக ஹாண்டிகாப் முறை வந்தது. அதன்படி கணக்குப் போடுவது எப்படி? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே எத்தனை அடி ஆகும் என்பது ஒன்று. அதைக் கோர்ஸ் ரேட்டிங் என்பார்கள். சாதாரண ஆட்டக்காரரை அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாக வாட்டும் என்பது மற்றொன்று, அது ஸ்லோப். நடுத்தர ஸ்லோப் 113. இந்த இரண்டு எண்களையும் ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு என்று மதிப்பிடுகிறார்கள். புருஷனும் மனைவியும் சரிசமமாகப் போட்டியிடலாம் என்பது இதனால்தான்.

நீங்கள் 108 அடித்தீர்கள், ரேட்டிங் 72. வித்தியாசம் 36. ஸ்லோப் 113 என்றால் 36 அப்படியே நிற்கும். மைதானம் கடினமானது, ஸ்லோப் 125 என்றால் 36-ஐ 113-ஆல் பெருக்கி 125-ஆல் வகுக்கவேண்டும்; 32.5 வரும். கஷ்டமான இடத்தில் அடித்த 108-க்கு மதிப்பு அதிகம் என்று அர்த்தம். ஒரு குழியில் மணலில் பந்து புதைந்து 11 அடி ஆகிவிட்டதா? கவலை வேண்டாம். நான்கு அடிக் குழியில் உங்களுக்கு இரண்டு அடி சலுகை இருந்தால், கணக்கில் 8-க்கு மேல் ஏறாது. ஒரே ஒரு குழி உங்கள் நாளைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா?

இப்படி 18 குழிக்கு மூன்று அட்டைகள் சேர்ந்ததுமே முதல் ஹாண்டிகாப் கிடைத்துவிடும். 38, 34, 36 என்று வந்திருந்தால், குறைந்ததான 34-ல் 2 கழித்து 32. உச்ச வரம்பு 54. ஆகையால் தொடக்கத்தில் எவ்வளவு மோசமாக ஆடினாலும் இடம் உண்டு. அட்டைகள் சேரச் சேர முறை மாறும். இருபது ஆனதும், கடைசி இருபதில் மிக நல்ல எட்டை மட்டும் பொறுக்கி அவற்றின் சராசரியை எடுப்பார்கள். மற்றப் பன்னிரண்டும் சும்மா கிடக்கும்.

இதைக் கேட்டுப் பலர் ஏமாந்துபோகிறார்கள். "என் ஹாண்டிகாப் 24, ஆனால் வாரம் தவறாமல் 28, 29 என்றல்லவா ஆடுகிறேன்! கணக்கில் தப்பு" என்பார்கள். தப்பு ஒன்றுமில்லை. அது உங்கள் சராசரியைச் சொல்லும் எண் அல்ல, நல்ல நாளில் உங்களால் என்ன முடியும் என்பதைச் சொல்லும் எண். பெரும்பாலான நாட்களில் அதை எட்டாமல் திரும்புவதுதான் வழக்கம்.

முன்னேறிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆட்டம் தேறத் தேறச் சலுகை கரையும். போன மாதம் பரிசு வாங்கிய அதே ஆட்டம் இந்த மாதம் போதாது. ஹாண்டிகாப்பைக் காட்டிலும் 7 அடி குறைவாக ஒரு நாள் பிரமாதமாக ஆடிவிட்டாலோ, வழக்கமான இறக்கம் போதாதென்று மேலும் ஒன்றைக் குறைத்துவிடுவார்கள். 10 அடி என்றால் இரண்டு! ஏறுவதற்கு மட்டும் கடிவாளம் உண்டு. கடந்த ஒரு வருஷத்தில் இருந்த மிகக் குறைந்த எண்ணிலிருந்து 3-க்கு மேல் ஏறினால், அதற்கு மேற்பட்டதில் பாதிதான் செல்லும். 5-க்கு மேல் ஏறவே ஏறாது.

அப்போது மனசு என்ன சொல்லும்? "நல்ல அட்டையை ஒளித்துவிடலாமே, கோப்பைப் பந்தயத்துக்குச் சலுகை மிஞ்சுமே" என்று ஆசை காட்டும். சிலர் இதற்கு நேர்மாறு. நாலு பேர் மெச்சவேண்டும் என்று மோசமான அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு 15 என்று பெருமையடித்துக்கொள்வார்கள்; பந்தயத்தன்று திண்டாடுவார்கள். என் அபிப்பிராயத்தில் முதல் ரகத்தைவிட இரண்டாவது ரகம் பாவம், நஷ்டம் அவர்களுக்கே. அட்டையில் கூட ஆடினவர் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று விதி இருப்பது முதல் ரகத்துக்காக.

கிளப்பின் கம்ப்யூட்டர் கணக்கை நொடியில் போட்டுவிடுகிறது. இருந்தாலும் பால் கணக்கு மாதிரி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது. தேதி, மைதானம், அடி, வித்தியாசம் என்று வரிசையாக எழுதி, நல்ல எட்டையும் வட்டமிடுங்கள். புதிய அட்டை ஒன்று சேரும்போது மிகப் பழையது கழன்றுபோகும். அந்தப் பழையது வட்டமிட்டதாக இருந்தால், இன்றைக்குச் சுமாராக நன்றாகவே ஆடியிருந்தாலும் எண் ஏறும். காரணம் தெரியாதவர்கள் மட்டையை மாற்றுவார்கள், வாத்தியாரை மாற்றுவார்கள். நோட்டு வைத்திருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, கழன்றுபோனது போன தை மாதம் காலைப் பனியில் அடித்த அந்த 98 என்று கண்டுகொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பந்துகளைத் துடைத்து வைப்பார்கள்.