ஸ்கேனர் தயார், ஆள் எங்கே?

பாதுகாப்புச் சோதனையில் கூட்டம் சேர்ந்தால், 'புது இயந்திரம் வாங்கலாம்' என்பதுதான் விமான நிலையங்களின் முதல் யோசனை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையம் அதைப் பலரையும் முந்திக்கொண்டு செய்தது. கைப்பையை முப்பரிமாணப் படமாகக் காட்டும் சி.டி. ஸ்கேனர்களை 2021லேயே எல்லாச் சோதனைத் தடங்களிலும் பொருத்தியது. லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம். ஷாம்பூ பாட்டிலையும் பையிலேயே விடலாம்.

அடுத்த ஆண்டே அங்கே வரிசை கட்டடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தது. வெளியே கூடாரம் போட்டார்கள். விமானத்தைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம். 2022 ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 11 வரை அப்படித் தவித்தவர்களுக்கு நிலையமே இழப்பீடு கொடுக்க முன்வந்தது.

ஸ்கேனர்கள் நன்றாகத்தான் ஓடின. பக்கத்தில் நிற்கத்தான் ஆளில்லை. கொரோனாவின்போது வேலையை விட்டுப் போனவர்களில் பலர், விடிவதற்கு முன்பே தொடங்கும் ஷிஃப்டுக்கும் அந்தச் சம்பளத்துக்கும் திரும்பி வரவில்லை.

ஒரு தடத்தைத் திறக்க எத்தனை பேர் வேண்டும் என்று பாருங்கள். பைகளைத் தட்டில் வைக்க வழிகாட்ட ஒருவர், திரையைப் பார்க்க ஒருவர், சந்தேகப்பட்ட பையைத் திறக்க ஒருவர், உடல் சோதனைக்கு ஆணும் பெண்ணும். திரையைப் பார்ப்பவரும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, தொடர்ந்து 20 நிமிடம் பார்த்தால் அடுத்த 10 நிமிடம் அவர் படம் பார்க்கக் கூடாது. மிக நியாயமான விதி இது. கண் அசந்தால் கத்தி தப்பிவிடும். ஆனால், ஒருவர் விடுப்பு எடுத்தாலே சுழற்சி குலையும், தடத்தையே மூட வேண்டிவரும்.

போதாக்குறைக்கு, வரிசைக்குப் பயந்து பயணிகள் வெகு நேரம் முன்னதாகவே வந்து குவிந்தார்கள். புறப்பாட்டுக்கு 4 மணி நேரத்துக்கு முன் வந்தவர்களை உள்ளே விடுவதில்லை என்று நிர்வாகம் கட்டுப்பாடு போட்டது. அன்றாடப் பயணிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது.

நிலைமையை மாற்றியதில் பெரும்பங்கு சம்பளத்துக்குத்தான் என்பேன். கோடைக்காக மணிக்கு 5.25 யூரோ கூடுதலாகக் கொடுத்தார்கள், வரிசை சுருங்கியது. கோடை முடிந்து அந்தத் தொகை குறைந்ததும், செப்டம்பரில் மறுபடி வாசல்வரை கூட்டம். அந்த மாதமே நிலையத்தின் தலைவர் டிக் பென்ஸ்கோப் பதவி விலகினார். அக்டோபரில் மணிக்கு 2.50 யூரோ நிரந்தர உயர்வுக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஸ்கேனர் வாங்கிய அன்றே, அதை இயக்குபவரின் சம்பளத்தையும் பேசி முடித்திருக்க வேண்டும்.