தேய்ந்தும் உருக்குலையாத மலைச்சுவர்

மழையும் வெயிலும் பட்டுப் பட்டுக் கூரான மலை மழுங்கி, மழுங்கிய மலை மேடாகி, மேடும் ஒரு காலத்தில் சமவெளியோடு கலந்துவிடும் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். அமெரிக்க அறிஞர் டேவிஸ் ஏறக்குறைய இதையே ஒரு சாஸ்திரமாக வகுத்தார். ஆனால் தென்னாப்பிரிக்காவில், கீழைக் கடற்கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் உள்ளே, லெசோத்தோ பீடபூமியின் விளிம்பாக அமைந்த டிராக்கன்ஸ்பர்க் சரிவோ, கோடிக்கணக்கான வருஷங்கள் தேய்ந்த பின்னும் சுவர்போல் நிமிர்ந்தே நிற்கிறது.

அதன் மேற்பகுதி, ஏறத்தாழ 18 கோடி வருஷங்களுக்கு முன் பூமியின் பிளவுகள் வழியே பெருகி அடுக்கடுக்காக உறைந்த எரிமலைப் பாறை. அடியிலுள்ள மணற்பாறையும் களிப்பாறையும் அரிபட்டுப் பிடிமானம் தளரும்போது, மேற்பாறை தன் செங்குத்தான வெடிப்புகள் வழியே பிளந்து விழுவதால், புதிதாக வெளிப்படும் முகமும் செங்குத்தாகவே இருக்கிறது. விழுந்த கற்குவியலை ஓடைகள் அவ்வப்போது அடித்துச் செல்லாவிடில் சுவர் தன் இடிபாட்டிலேயே புதைந்திருக்கும்.

இதனினும் முக்கியமானது நீர் பிரியும் விதம். ஒரே முகட்டில் பிறந்தும், டுகேலா 900 மீட்டருக்கு மேல் குதித்துக் கிழக்கே இந்து மகாசமுத்திரத்தை அடைய, ஆரஞ்சு நதியின் கிளைகளோ சுவருக்கு முதுகைக் காட்டி, 2000 கிலோமீட்டருக்கு மேல் நிதானமாக ஓடி அட்லாண்டிக்கை நாடுகின்றன. (அரபிக் கடலருகே பிறந்தும் கிழக்கே வரும் காவிரியை அறிந்த நமக்கு இது விசித்திரமன்று.) ஆகவே நீரின் வேகம் முழுவதும் முகத்தையே தாக்குகிறது, உச்சி அதிகம் தேய்வதில்லை.

கண்டம் பிளந்தபோது கரையோரத்தில் தோன்றிய சரிவே, சாய்வு மாறாமல் பின்வாங்கிப் பின்வாங்கி இங்கு வந்து சேர்ந்தது என்பது நேட்டால் சர்வகலாசாலைப் பேராசிரியர் லெஸ்டர் கிங்கின் சித்தாந்தம். கவர்ச்சியான சித்தாந்தந்தான், ஆனால் 13 கோடி வருஷங்களில் அத்தனை தூரம் வர, பத்து லட்சம் வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்க வேண்டும். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பாறையின் மேற்பரப்பில் உண்டாக்கும் அபூர்வ வகைக் குளோரினை அளந்து 1999-இல் வெளியிட்ட கணக்கோ, முகம் அக்கால அளவில் 50 முதல் 95 மீட்டரே பின்வாங்குகிறது என்றும், உச்சி சில மீட்டரே தாழ்கிறது என்றும் காட்டிற்று. எனவே, பிளவுக்கு முன்பே உள்நாட்டிலிருந்த நீர்ப்பிரி மேட்டின் கடற்புறத்தை ஆறுகள் விரைந்து அரித்துத் தாழ்த்தியதால், சரிவு ஏறத்தாழ இன்றுள்ள இடத்திலேயே உருவாகிச் சிறிதே நகர்ந்தது என்ற அபிப்பிராயம் வலுத்தது. அப்படிக் கழிந்த பாறையின் பாரம் நீங்கியதும், பூமியின் ஓடு மெல்ல மேலெழும்பி விளிம்பையும் உயர்த்தியது என்றும், உச்சியில் விழும் மழைநீர் இன்றும் மேற்கே சாய்வதற்கு அவ்வுயர்வும் ஒரு காரணம் என்றும் கருதுகிறார்கள்.